அக்கா கட்

ஷாகிதாவைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவ பயத்தைப் பத்தித்தான் சொல்லணும். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியைக் குமணன்சாவடி பார்த்திருக்காது. கேஸை மூடிட்டு வந்து படுப்பாள், எழுந்து போய் இன்னொரு தரம் திருகிப் பார்ப்பாள். காலிங் பெல் அடிச்சா, யாருக்கு என்ன ஆச்சோன்னுதான் கதவைத் திறப்பாள். மகள் நஜ்மா வேலப்பன்சாவடி காலேஜ்லேர்ந்து வர்ற பஸ் கொஞ்சம் லேட்டானா போதும், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே தரையைத் தேய்ச்சிடுவாள். "நீ பொறந்தப்போ அழுதிருக்கவே மாட்ட. இன்னா ஆச்சு, இன்னா ஆச்சுன்னுதான் கேட்டிருப்ப"ன்னு புருஷன் ஜமீர் கிண்டல் பண்ணுவான்.

கிண்டல் பண்றவனுக்கும் அந்தப் பயத்தாலதான் பாதி வியாபாரம். ஜமீர் இன்ஜின் மெக்கானிக். ட்ரங்க் ரோட்டை விட்டு உள்ள தள்ளி, தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். இன்ஜினைப் பிரிக்கிறதும் சேர்க்கிறதும் அவன் வேலை, வயரிங் ஷாகிதா வேலை. கல்யாணத்துக்கு முன்னாடி அம்பத்தூர் எஸ்டேட்ல, காருக்கு வயர் கட்டிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில இருந்தவள். பலகையில ஆணி அடிச்சு வழி போட்டிருப்பாங்க. அந்த வழியில சிவப்பு, பச்சை, மஞ்சள்னு வயரைப் படுக்க வெச்சு, முனையில க்ளிப் நசுக்கி, டேப் சுத்தணும். அந்த விரலுக்கு இன்னிக்கும் வேலை மறக்கல. வேற யாராவது கட்டின வயரைப் பார்த்தா, "இது இன்னா, குருவிக் கூடா?"ன்னு கேட்டு மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

அவளோட அத்தா ஹபிபுல்லா சொந்தமா ஒரு டெம்போ வேன் வெச்சிருந்தார். ஒரு கத்திரி வெயில்ல, பைபாஸ்ல ரேடியேட்டர் ஓஸ் வெடிச்சு, தண்ணி மொத்தமும் ஒழுகிப் போனது தெரியாம ஓட்டிக்கிட்டே வந்துட்டார். இன்ஜின் சூட்டுல இறுகிப் போச்சு. வீட்டுக்குள்ள வந்து செருப்பைக் கழட்டாமலே நின்னு அவர் சொன்னது ஒரே பேச்சு: "வெந்துபோச்சும்மா." அதோட அந்த வீட்ல சொந்த வண்டிங்கிற நெனப்பே போச்சு. மனுஷன் கடைசி வரைக்கும் அடுத்தவன் வண்டிக்குத்தான் ஸ்டீயரிங் பிடிச்சார்.

ஷாகிதா அதை மறப்பாளா? ஒர்க்‌ஷாப்புக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையா அதுக்கு ஒரு வழி பண்ணினாள். இன்ஜின் தலையில தண்ணி ஓடுற இடத்துல ஒரு சின்ன சென்சார். அதுலேர்ந்து ஒரு வயர். வயர் போய்ச் சேர்ற இடத்துல கட்டை விரல் அளவுக்கு ஒரு ரிலே. சூடு ஒரு அளவைத் தாண்டினா ரிலே கரன்ட்டை வெட்டிடும், இன்ஜின் தானா நின்னுடும். டிரைவர் தலைகீழா நின்னாலும் ஆற வரைக்கும் ஸ்டார்ட் ஆகாது.

இந்த ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன் ஓட்டுற மகராசன்கள் இருக்காங்களே, ஹீட் மீட்டர் முள்ளு சிவப்பைத் தொட்டாலும் கண்ணுல படாது. பாட்டு ஓடணும், போன் பேசணும், ஏசி ஜில்லுனு வரணும். நடு ரோட்டுல வண்டி நின்னப்புறம், "நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு அண்ணாத்தே"ன்னு தலையைச் சொறிவாங்க. இது அவங்களுக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம். அவங்களே பேரும் வெச்சாங்க: அக்கா கட். பூந்தமல்லி வேன் ஸ்டாண்டுல போய்க் கேட்டுப் பாருங்க. அக்கா கட் போட்ட வண்டின்னா பழைய வண்டி வாங்குறவன் மறுபேச்சு பேச மாட்டான்.

இப்படிப் போய்க்கிட்டு இருந்த இடத்துக்குத்தான் ராகவன் வந்து சேர்ந்தான். ஐடிக்காரன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வேலப்பன்சாவடியில ஃப்ளாட். ஃப்ளையிங் க்ளப்புல ப்ளேன் ஓட்டக் கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கினவன். அதோட விட்டானா? வேப்பம்பட்டுல ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி ஒரு ப்ளேனையே கட்டிக்கிட்டு இருந்தான். அட, நிஜமாத்தாங்க. அலுமினியக் குழாய், மரச் சட்டம், மேல இழுத்துப் போர்த்தின துணி. ப்ளேனுக்குன்னே செய்ற இன்ஜின் வெளிநாட்டுலேர்ந்து வரணும், அது அவனுக்கு எட்டாது. பழைய கார் இன்ஜினை மாத்தி வெச்சு உலகத்துல எத்தனையோ பேர் பறக்கிறாங்க, நீங்க செஞ்சு தர முடியுமாண்ணேன்னு ஜமீர்கிட்ட வந்து கேட்டான்.

"கார் இன்ஜினா? மேலயா? சார், நம்ம ஊர்ல அது ரோட்டுலயே ஒயுங்கா ஓட மாட்டுது"ன்னு ஜமீர் சிரிச்சான். சிரிச்சானே தவிர, மறுநாள் வேப்பம்பட்டு போய் அந்த இறக்கையைத் தடவிப் பார்த்துட்டு வந்தப்புறம் அவன் பேச்சே மாறிப்போச்சு. அன்னிக்கு ராத்திரி ஷாகிதா கேஸை மூணு தரம் எழுந்து போய்த் திருகிப் பார்த்தாள்.

நாலு சிலிண்டர் கார் இன்ஜின் ஒண்ணைப் பிடிச்சாங்க. கியர் பாக்ஸ், ஏசி கம்ப்ரெஸர், தேவையில்லாத இரும்பு எல்லாத்தையும் கழட்டிப் போட்டு எடையைக் குறைச்சாங்க. இன்ஜின் சுத்துற வேகத்துக்கு முன்னாடி இருக்கிற காத்தாடி சுத்தக் கூடாதாம், முனை பிச்சிக்குமாம். அதனால வேகத்தைப் பாதியாக் குறைக்க, அகலமா ஒரு பல்லு பெல்ட்டும் ரெண்டு புல்லியும். ஒர்க்‌ஷாப் பின்னாடி ஒரு லாரி சேஸிஸ்ல அதை இழுத்துக் கட்டி ஓட விட்டப்போ, பக்கத்து வீட்டுக் கொடித்துணி எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்துது. அதுக்கு ஒரு சண்டை, தனிக் கதை.

அந்தச் சேஸிஸ்ல ஓட்டுறப்போ ஜமீரேதான் சொன்னான். "உன் அக்கா கட்டை இதுல மாட்டி வை ஷாகி. ஓஸ் கீஸ் புடுங்கிக்கினா இன்ஜின் பூடும். ப்ளேன்ல ஏத்துறப்போ எடுத்துடணும். மேல அது வேணாம்னு ராகவன் சார் சொல்லிக்கிறாரு." ஏன் வேணாம்னு அவளும் கேட்கல, அவனும் சொல்லல.

வேப்பம்பட்டு ஷெட்டுல இன்ஜினை ஏத்தினாங்க. வயரிங்கை மாத்திக் கட்ட ஷாகிதா ப்ளேனுக்குள்ள குனிஞ்சு உட்கார்ந்தாள். முழங்காலுக்கு நேர் முன்னாடி பெட்ரோல் டேங்க். அதுக்கு முன்னாடி இன்ஜின். அவளுக்கு ஒரு தடவை வேலப்பன்சாவடி பாலத்துக்குக் கீழ வேன் ஒண்ணு எரிஞ்சது ஞாபகம் வந்துது. முதல்ல ஆவிதான் வந்துது அதுல, அப்புறம் புகை, அப்புறம் தீ. சூடு ஏறினா தீதான்னு அவ மனசுல அன்னிக்கே பதிஞ்சு போச்சு. இதுல சூடு ஏறினா? மேல, வானத்துல, பெட்ரோலை மடியில வெச்சுக்கிட்டு? தீ பிடிக்கிறதுக்கு முன்னாடி நின்னு தொலைக்கட்டுமே. கையில கட்டரை எடுத்தாள். ரிலேயைப் பார்த்தாள். மனசு வரல. டேஷ்போர்டுக்குப் பின்னாடி மத்த வயரோட வயரா அதைச் சேர்த்து வெச்சு, டேப் சுத்தி, யார் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி அழகாக் கட்டிட்டாள்.

"கட்டை எடுத்துட்டியா?"ன்னு வெளியேர்ந்து ஜமீர் கேட்டான்.

"ம்"ன்னாள்.

அனுமதிக்காக ராகவன் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, ஒருவழியா ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்துக்கு ப்ளேன் போய்ச் சேர்ந்துது. விடியக்காலை ஜில்லுனு இருக்கிற நேரத்துல தனியா ஏறி, ஓடுதளத்தைச் சுத்திட்டு இறங்கினான். இன்னொரு நாளும் அப்படியே. ஒரு குறையும் இல்ல. சந்தோஷத்துல ஸ்வீட் பாக்ஸோட குமணன்சாவடிக்கு வந்தான். ஷாகிதா பிரியாணி போட்டாள். அன்னிக்குத்தான் வந்துது வினை.

சாப்பிட்டுக்கிட்டே ஜமீர் கேட்டான். "சும்மா கேக்குறேன் சார். மேல போய் ஹீட்டு ஏறிச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"ஏறட்டும்ணே"ன்னான் ராகவன், எலும்பைக் கடிச்சுக்கிட்டே. "வேகட்டும், உருகட்டும், எனக்கென்ன? இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடினாப் போதும், எங்கயாவது பார்த்து இறக்கிடுவேன். நின்னுபோச்சுன்னாத்தான் செத்தோம். உங்க வேன் மாதிரி ஓரங்கட்ட முடியாதே. கீழ ஏரி இருக்கும், கரன்ட் கம்பி இருக்கும், வீடு இருக்கும். அதுக்குத்தான் அந்தக் கட்டே வேணாம்னேன்."

ஷாகிதா கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுது. "தீப் புடிச்சுக்காதா தம்பி?"

"தண்ணி கொதிச்சா எப்படிக்கா தீ பிடிக்கும்? பெட்ரோல் ஒழுகினாத்தான் பயம். அதுக்குத் தனியா வால்வு வெச்சிருக்கேன், ஒரே திருகுல மூடிடலாம்." சிரிச்சான். "உங்க வயரிங் இருக்கிற வரைக்கும் எனக்கு என்னக்கா கவலை? நான் அதுல கையே வைக்கல."

இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமான்னு கேட்டாள். வேற என்ன கேட்கிறதுன்னு தெரியல.

அன்னிக்கே சொல்லியிருக்கலாம். ராகவன் கை கழுவுறப்போ சொல்லியிருக்கலாம், அவன் போனப்புறம் ஜமீர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். ஜமீர் என்னடான்னா, "பாத்தியா, பொண்டாட்டி வேலையைப் பத்தி ஒரு இஞ்சினியரு எப்டி சொல்றாருன்னு"ன்னு அன்னிக்குப் பூரா நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சான். அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது? சொல்லாமலே எடுத்துடலாம்னு நெனைச்சாள். அடுத்த ஞாயிறு நானும் வரேங்கன்னாள். "உங்க அக்கா ஊட்ல நிச்சயதார்த்தம் கீது, போ மாட்டியா? அடுத்த தபா கூட்டினு போறேன்"னுட்டான்.

அந்த ஞாயிறு ராகவன் மறுபடி பறந்தான். முன்னைவிட உயரமா, முன்னைவிட அதிக நேரம். ஷாகிதா அக்கா வீட்ல அத்தனை ஜனத்துக்கு நடுவுல தட்டுல வெச்ச கேசரியைத் தொடாம, உதடு மட்டும் ஓதிக்கிட்டே இருக்க, போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாள். யா அல்லா, இந்த ஒரு தடவை இறக்கிடு, அடுத்த தடவைக்குள்ள நான் சொல்லிடறேன். போன் வந்துது. நல்லபடியா இறங்கிட்டான். அப்போ அவ அழுததைப் பார்த்துட்டு, பொண்ணு நிச்சயமானதுக்குச் சித்தி இப்படி உருகுறாளேன்னு ஊரே மெச்சுச்சு.

ஜமீர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டிக்கிட்டே சொன்னான். "அடுத்த ஞாயிறு நானும் மேல போறேன். உசரம் ஏறுறப்போ ஏதோ அதிர்வு வருதாம், கீழ ஓட்டினா வரல. கூட உக்காந்து கேட்டுச் சொல்லுன்றாரு."

அந்த வாரம் பூரா அவளுக்குச் சோறு இறங்கல. வேன் ஸ்டாண்டுலேர்ந்து ஒருத்தன் வந்து, "யக்கா, அக்கா கட் ஒண்ணு மாட்டிக் குடு"ன்னு கேட்டான். போய்யா, அப்புறம் வான்னு எரிஞ்சு விழுந்தாள். அவன் வாயைப் பிளந்துக்கிட்டுப் போனான். ராவும் பகலும் ஒரே கணக்கு: ரெண்டு ஆள் பாரம், கத்திரி வெயில், கூடுதல் உயரம். இத்தனை நாள் வெட்டாத ரிலே இந்தத் தடவை கண்டிப்பா வெட்டும். அது வெட்டும்னு அவளைவிட யாருக்குத் தெரியும்? அவ கட்டினது என்னிக்குத் தப்பியிருக்கு?

ஞாயித்துக்கிழமை அவளும் பைக்ல ஏறிக்கிட்டாள். ஹேண்ட்பேக்குல கர்ச்சீப்புக்குள்ள சுத்தி ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு கட்டர். யாரும் பார்க்காதப்போ எடுத்துடணும், எடுத்துட்டா யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். போய்ப் பார்த்தா டேஷ்போர்டை மூடி, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கம்பி முறுக்கி சீல் வெச்சிருந்துது. ப்ளேன் டயர்ல காத்து வேற இறங்கியிருந்துது. அதைச் சரி பண்றதுக்குள்ள வெயில் சுள்ளுனு ஏறிப் போச்சு.

"ஒரு தரம் வயரைப் பார்த்துடட்டுமா தம்பி?"

"எல்லாம் பார்த்து மூடியாச்சுக்கா. உங்க வேலையில பார்க்க என்ன இருக்கு?"

ஜமீர் உள்ள ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கிட்டான். ராட்டினத்துல ஏறின பையன் மாதிரி அவளைப் பார்த்துக் கை ஆட்டினான். ராகவனோட பொண்டாட்டி சுவேதா தண்ணி ஃப்ளாஸ்க்கோட நின்னு அதைப் பார்த்துச் சிரிச்சாள். ராகவன் ஒரு காலைத் தூக்கிப் படியில வெச்சான்.

"தம்பி, ஏறாதீங்க."

குரல் தனக்கே கேட்டுதான்னு அவளுக்குச் சந்தேகம். ஆனா ராகவன் திரும்பினான்.

"அவரை எறக்குங்க. உள்ள கட் கீது. எடுத்துட்டேன்னு சொன்னேன். எடுக்கல."

ராகவனுக்கு ரெண்டாவது தரம் சொல்ல வேண்டியிருக்கல. "எத்தனை டிகிரியில வெட்டும்?"

"நூத்திப் பத்து."

"போன வாரம் நூத்தி நாலு வரைக்கும் போச்சு"ன்னான் மெதுவா. படியில வெச்ச காலை எடுத்துட்டுக் கேட்டான். "அது இருந்தா நான் செத்துருவேன்னு உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு அந்தப் பொய். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா ஃப்ளாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு நின்ன சுவேதா அவளையே பார்த்துக்கிட்டு இருந்தாள்.

"எங்க ஊட்ல சாப்ட அன்னிக்கே."

"அதுக்கப்புறம்தானே நான் போன வாரம் ஏறினேன்?"

"ஆமா."

ராகவன் ஓடுதளத்தோட அந்த முனை வரைக்கும் நடந்து போய், முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான். ஜமீர் பெல்ட்டைக் கழட்டி இறங்கி வந்தான். கத்துவான்னு நெனைச்சாள், கத்தியிருந்தாத் தேவலாம்.

"ம்-னு சொன்னியேடி. எனக்குன்னா வாய் தொறக்குது, அவருக்குன்னா தொறக்கலியா? அவரும் ஒருத்திக்குப் புருஷன்தானே?"

ஷாகிதா அவமானத்துல உடம்பு கூசிப் போய் அந்த வெயில்ல அப்படியே நின்னாள். பயம்னா அவளுக்குத் தெரியும், பயத்தோடயே வளர்ந்தவ. இது வேற. இதோட வெச்சுப் பார்த்தா பயம் எவ்வளவோ சுகம்.

ராகவன் திரும்பி வந்து சீலை அறுத்து, டேஷ்போர்டைக் கழட்டி, கட்டரை அவ பக்கம் நீட்டினான். "நீங்களே வெட்டுங்கக்கா." டேப்பைப் பிரிச்சு, ரிலேயை வெளியில இழுத்து வெட்டினாள். வெட்டின வயரைச் சேர்த்து நசுக்கி, மேல டேப் சுத்தினாள். அதோட விடல அவன். இது எங்க போகுது, இது எதுக்கு, இதுன்னு ஒவ்வொரு வயரா விரல் வெச்சுக் கேட்டான். ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாள். அவன் இப்போ தன்னை நம்பலங்கிறது அவளுக்குப் புரிஞ்சுது. நம்பாததுதான் சரின்னும் புரிஞ்சுது. அன்னிக்கு யாரும் பறக்கல.

வழி நெடுக பைக்ல ஒரு பேச்சு இல்ல. வாரம் பூரா அதே கதைதான். உப்பு வேணும்னா ஜமீர் நஜ்மாகிட்டக் கேட்பான். ஒர்க்‌ஷாப்புல வயரிங் வேலை வந்தா வண்டியை அவ முன்னாடி நிறுத்திட்டுப் போயிடுவான். "அத்தாவுக்கும் உனக்கும் இன்னாம்மா?"ன்னு நஜ்மா கேட்டதுக்கு, நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு விடியல்ல ஜமீர் பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டுக் கிளம்பாம நின்னான். திரும்பியும் பார்க்கல, வான்னும் சொல்லல. இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துது. ஷாகிதா துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கிட்டு ஓடிப் போய் ஏறினாள்.

ராகவன் வாங்கக்கான்னான், அவ்வளவுதான். முதல்ல தனியா ஏறி ஒரு சுத்து சுத்திட்டு இறங்கினான். வயர், சூடு, எல்லாத்தையும் பார்த்தான். அப்புறம்தான் ஜமீரை ஏத்திக்கிட்டான். சுவேதா கையில ஒரு வாக்கிடாக்கி. மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே வர்றது ஜமீர் வேலை. ப்ளேன் ஓடி, குதிச்சு, தரையை விட்டுச்சு. ஷாகிதா கண்ணை மூடிக்கிட்டாள்.

"எண்பத்தெட்டு"ன்னுது ஜமீர் குரல், சுவேதா கையிலேர்ந்து. ஒரு வாரமா அவகிட்டப் பேசாத குரல். "தொண்ணூத்தி ரெண்டு. நல்லா கீது. ஆ, அதிர்வு வருது சார், வருது. முன்பக்கம் எங்கியோ தகரம் ஆடுது."

ப்ளேன் தைலமரத் தோப்பைத் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் போய்ச் சின்னதாயிடுச்சு.

"தொண்ணூத்தெட்டு. சார், ஏறுது. நூத்தி மூணு."

ராகவன் குரல் குறுக்க வந்துது. "திரும்புறேன்."

"நூத்தி ஏழு"ன்னான் ஜமீர். கொஞ்சம் கழிச்சு, "நூத்திப் பத்து."

ஷாகிதா தரையில உட்கார்ந்துட்டாள். இதோ இந்த இடம். இங்கதான் அது வெட்டியிருக்கும். ப்ளேன் இன்னும் ஏரிக்கு அந்தப் பக்கம்தான், கீழ பூரா தண்ணி, கரையில வரிசையா கரன்ட் கம்பி. சுவேதா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நம்பர் சுவேதாவுக்கும் ஞாபகம் இருந்துது.

"நூத்திப் பதினஞ்சு"ன்னுது வாக்கிடாக்கி. அதுக்கப்புறம் நம்பர் வரல. ப்ளேனுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுது, ஆவி. தண்ணி பூரா போகுது. ஏரியைத் தாண்டித் தாழ்வா வர வர, சத்தம் கேட்டுது. டிக் டிக் டிக்னு உள்ள யாரோ சுத்தியால தட்டுற சத்தம். அவளுக்கு நல்லாத் தெரிஞ்ச சத்தம் அது. இன்ஜின் வேகுற சத்தம். எந்த வேன்ல கேட்டாலும், நிறுத்துடா பாவி, நிறுத்துன்னு தெருவுல இறங்கி ஓடுவாள்.

"நிக்காத!"ன்னு கத்தினாள். "ஓடு! நிக்காத! வேவு, வெந்து தொலை, இன்னும் கொஞ்சம் ஓடு!" சுவேதா எப்போ பக்கத்துல உட்கார்ந்தாளோ, அவ மணிக்கட்டை நகம் பதியப் பிடிச்சிருந்தாள். ரெண்டு பேருமா கத்தினாங்க, ஒரு இன்ஜினைப் பார்த்து.

ஓடுச்சு. தட்டிக்கிட்டே, இருமிக்கிட்டே, கரன்ட் கம்பிக்கு மேல, தோப்புக்கு மேல ஓடுச்சு. சக்கரம் தரையைத் தொட்டு ஒரு குதி குதிச்சப்போ, கிரீச்சுனு ஒரு சத்தத்தோட காத்தாடி அப்படியே நின்னுபோச்சு. ப்ளேன் தானா உருண்டு வந்து ஓரமா நின்னுது.

ரெண்டு பேரும் இறங்கினாங்க. ராகவன் இறங்கின இடத்துலயே உட்கார்ந்துட்டான், சுவேதா அவன் பக்கம் ஓடினாள். ரேடியேட்டருக்குக் காத்தைத் திருப்பி விடுற தகரம் ரிவெட் கழண்டு மடங்கித் தொங்கிக்கிட்டு இருந்துது. அதிர்வும் அதாலதான், ஏறின சூடும் அதாலதான். ஜமீர் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்து, விரலை உதறி, குனிஞ்சு எட்டிப் பார்த்தான். அப்புறம் தள்ளாடிக்கிட்டே ஷாகிதாகிட்ட வந்தான். ஒரு வாரத்துக்கு அப்புறம் அவகிட்டப் பேசின முதல் பேச்சு:

"வெந்துபோச்சு ஷாகி."

அவ அழுதுக்கிட்டே சிரிச்சாள். சிரிச்சுக்கிட்டே அழுதாள். "போவட்டும்ங்க"ன்னாள். "போனா போவட்டும்." அவனைத் தாண்டிப் போய், இன்னும் ஆவி விட்டுக்கிட்டு இருந்த இன்ஜின் மூடி மேல உள்ளங்கையை வெச்சாள். சுட்டுது. கையை எடுக்கல.